ஓட்டமும் நிற்றலும்



நல்ல நோக்கமொன்றை முன்வைத்து முயல்கின்ற ஒருவன், அம்முயற்சி முற்றுப்பெறுமுன் இடையில் நிற்கலாமா? நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது எல்லையை எய்தியவனை வென்றவன் என்று கூறத்தகுமா? இவ்வினாக்களை நாம் ஏடுகளிலிருந்து எடுத்து வந்தோமில்லை. புனே நகரின் சாலையில் 42 கிலோமீட்டர் ஓடி முடித்த ஓர் இளைஞர், சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் கொணர்ந்து வைத்த வினாக்கள் இவை. அன்று அவருக்கு நாம் அளித்த விடை நமக்கே முழு நிறைவைத் தரவில்லை. ஆதலின், அதனை மீண்டும் எண்ணிப் பார்த்து இங்கே எழுதுகின்றோம்.

புனேயை அடுத்த தேகு ரோடு என்னும் ஊரை நம் வாசகர் பலர் அறிவர். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், இரங்கூனிலிருந்து கொணரப்பெற்ற புத்தர் திருவுருவத்தைப் பாபாசாகேப் அம்பேத்கர் தம் கையால் நிறுவிய ஊர் அது. படைத்துறைக் கிடங்குகளிலும் வெடிமருந்துச் சாலைகளிலும் பணிபுரியும் பொருட்டுத் தமிழகத்திலிருந்து சென்ற நம்மவர் குடும்பங்கள் அங்கும் கட்கியிலும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. டிசம்பர் 25-ஆம் நாள் வந்தனைக்காக நாம் அங்குச் சென்றிருந்தபோது, கூட்டம் கலைந்தபின் ஓர் இளைஞர் நம்மை அணுகினார். வட ஆர்க்காட்டிலிருந்து கூலி வேலைக்குச் சென்ற ஒருவரின் பேரர் அவர். தொழிற்கூடமொன்றில் ஒப்பந்தப் பணியாளர். தம் சட்டைப் பையிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்து நம் கையில் வைத்து, "ஐயா, இதை வீட்டுச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை, தூக்கி எறியவும் கை வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

புனேயில் 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மாரத்தான் ஓட்டம், பெரும்பாலும் டிசம்பர்த் திங்களின் முதல் ஞாயிறன்று நடைபெறுவது. அயல்நாட்டு வீரர்கள் பரிசுக்காக ஓடுவர். அவர்களுக்குப் பின்னே, பரிசைக் கனவிலும் கருதாத எழுத்தரும் ஆசிரியரும் தொழிலாளரும் தாமே கட்டணம் செலுத்தி ஓடுவர். நம் இளைஞர் அப்பின்வரிசையைச் சேர்ந்தவர். ஈராண்டுகள், பணி முடிந்த மாலைப் பொழுதுகளில் பழைய காலணிகளுடன் ஓடிப் பயின்றவர். ஐந்து மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும் என்பதே அவர் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட எல்லை.

இவ்வோட்டத்தின் நீளம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கம் வரை அமைந்த தொலைவே, பின்னர் 1921-இல் உலகுக்கெல்லாம் பொது அளவாக்கப்பட்டது. மனித உடலோ இவ்வளவுக்கு இசைந்து அமைந்ததன்று. தசைகளிலும் ஈரலிலும் சேமிப்பாக உள்ள மாச்சத்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அளவில் பலருக்குக் குறைந்துவிடுகின்றது. அதன்பின் கால்கள் கல்லாகின்றன, அறிவு மங்குகின்றது, எதிரே சுவரொன்று எழுந்து நிற்பதுபோல் தோன்றும் என ஓடுவோர் கூறுவர். எஞ்சிய 12 கிலோமீட்டரை உடலைக்கொண்டு ஓடுதல் அரிது, உள்ளத்தைக்கொண்டே ஓடவேண்டும்.

"இத்துணைத் துன்பத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவ்விளைஞரின் தாயாரும் அதனையே கேட்டாராம். "உன் தாத்தா வயிற்றுக்காக ஓடினார், அப்பா ஷிப்டுக்காக ஓடினார், நீ எதற்காகடா ஓடுகிறாய்?"

அத்தாய்க்கு மகன் அளித்த விடை நம்மை அசைத்தது. பேஷ்வாக்கள் ஆண்ட காலத்துப் பூனா நகரில் தீண்டத்தகாதோர் எவ்வாறு நடந்தனர் என்பதைப் பாபாசாகேப் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில் எழுதியுள்ளார். தாம் மிதித்த மண்ணை மற்றவர் மிதித்துத் தீட்டுப்படாதிருக்க, இடுப்பில் விளக்குமாறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, தம் அடிச்சுவட்டைத் தாமே அழித்துக்கொண்டு செல்லவேண்டும். எச்சில் நிலத்தில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயம் தொங்கவேண்டும். இப்பகுதியைப் பதினாறாம் வயதில் படித்த நம் இளைஞர் அன்றிரவு உறங்கவில்லையாம். இவ்வோட்டம் தொடங்கிய சனஸ் மைதானத்துக்கு அண்மையிலேயே பர்வதி குன்று உள்ளது. அக்குன்றின் கோயிலுக்குள் நுழையும் உரிமை கோரி 1929-இல் நம்மவர் சத்தியாகிரகம் செய்து தடுக்கப்பட்டனர். "ஐயா, எந்த ஊரில் எங்கள் காற்சுவடு பெருக்கித் தள்ளப்பட்டதோ, அந்த ஊரில் 42 கிலோமீட்டருக்கு என் காற்சுவட்டைப் பதிக்க எண்ணினேன். அதற்காகத்தான் ஓடினேன்" என்றார்.

இதனை வீண் பெருமை என்று தள்ளிவிட நம்மால் இயலாது. புனே நகருக்கும் நெடுந்தொலை ஓட்டத்துக்கும் பழந்தொடர்பும் உண்டு. 1919-ஆம் ஆண்டு அங்குள்ள டெக்கான் ஜிம்கானாவின் விளையாட்டு விழாவுக்குத் தலைமை தாங்கிய சர் தோராப்ஜி டாட்டா, குடியானவர்கள் வெறுங்காலுடன் ஓடிய வேகத்தைக் கண்டு வியந்தார். அவ்வியப்பின் பயனாக மறு ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்தியர் சிலர் அனுப்பப்பெற்றனர். அங்கு மாரத்தான் ஓடிய பதேப்பா சௌகுலே 19-ஆவதாக வந்தார். உடன் ஓடிய சதாசிவ் தாதார் ஓட்டத்தை முடிக்கவில்லை. அவ்விருவரும் மைந்தர்களே. முடித்தவருக்கும் முடிக்காதவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு கால்களைப் பற்றியதேயன்றி, அவர்தம் மேன்மையைப் பற்றியதன்று. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, இனி நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

விடியுமுன் ஓட்டம் தொடங்கிற்று. சிங்ககட் சாலை வழியே சென்றும் மீண்டும் ஓடியபின், 35-ஆவது கிலோமீட்டரைக் கடந்த இடத்தில், நடைபாதை விளிம்பில் ஒருவர் அமர்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நெஞ்சில் எண் குத்தியிருந்தது. கெண்டைக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை உயர்த்தினார். நம் இளைஞர் அக்கையைக் கண்டார். தம் கைக்கடிகாரத்தையும் கண்டார். இப்போது நின்றால் ஐந்து மணிக்குள் எல்லையை எய்த இயலாது. நின்ற கால் மீண்டும் ஓடுமோ என்பதும் ஐயமே. 'பின்னே மருத்துவ வண்டி வரும். வேறு யாரேனும் நிற்பர். நான் என் ஒருவனுக்காகவா ஓடுகிறேன்?' என்று மூன்று விடைகளைத் தமக்குத்தாமே கூறிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பியவாறு ஓடினார். அரைக் கிலோமீட்டர் தொலைவில் தண்ணீர்ப் பந்தல் இருந்தது. அங்கே தண்ணீரை வாங்கிக் குடித்துக் குவளையைச் சாலையில் எறிந்தார். அமர்ந்திருந்தவரைப் பற்றி எவரிடமும் ஒரு சொல்லும் கூறவில்லை. எல்லைக்கோட்டைக் கடந்தபோது ஐந்து மணிக்கு இரண்டு நிமிடங்கள் எஞ்சியிருந்தன.

பதக்கம் கழுத்தில் விழுந்தபோது மகிழ்ச்சி வரவில்லை என்றார். அந்தக் கையே கண்ணில் நின்றதாம். தளர்ந்த காலுடன் பேருந்தேறி அவ்விடத்துக்கே திரும்பினார். அமர்ந்திருந்தவரைக் காணவில்லை. நகராட்சித் துப்புரவுப் பணிபுரியும் அம்மையார் ஒருவர், ஓடியவர்கள் எறிந்த குவளைகளைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டார். "ஆமாம், ஒருவர் அமர்ந்திருந்தார். என் போத்தல் தண்ணீரைக் கொடுத்தேன், காலைப் பிடித்துவிட்டேன். பிறகு இரண்டு பிள்ளைகள் வந்து ஆட்டோவில் ஏற்றிச் சென்றார்கள்" என்று மராத்தியில் கூறிவிட்டு, அந்த அம்மையார் மீண்டும் குனிந்து பெருக்கலானார்.

"ஐயா, விளக்குமாற்றை எண்ணித்தானே ஓடினேன்! என் பின்னே இன்னும் விளக்குமாறு வந்துகொண்டிருந்ததை நான் காணவில்லை. நின்றவர் அந்த அம்மா. ஓடியவன் நான்." இவ்வாறு கூறி அவர் தலை கவிழ்ந்தார்.

அன்பர்களே, அவருக்கு விடை கூறும் தகுதி நமக்குண்டோ என்னும் அச்சமே முதலில் எழுந்தது. நாம் இளமையில் நூற்பாலையொன்றில் ஸ்பின்னிங் பகுதியில் இருந்தோம். கதிர்களின் வரிசைகளுக்கிடையே எட்டு மணி நேரம் நடந்தவண்ணம், அறும் இழைகளை ஒட்டவேண்டும். ஓரிரவு ஷிப்டில், மூத்த தொழிலாளி ஒருவர் தூணில் சாய்ந்து, மெல்லச் சரிந்து அமர்ந்ததைக் கண்டோம். நம் பக்கத்தில் இழைகள் அறுந்துகொண்டிருந்தன. பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டால் மேஸ்திரி பெயரெழுதுவார், கூலி குறையும். இருமுறை அவரைக் கடந்து நடந்தோம். மூன்றாம் சுற்றில் அவரைக் காணவில்லை. வேறு சிலர் வெளியே தூக்கிச் சென்றிருந்தனர். அவர் பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து வேலைக்கு வந்தவர், நம்மை ஒன்றும் கேட்கவில்லை. தம் தேநீரில் பாதியை ஊற்றி நம்மிடம் நீட்டினார். அத்தேநீரின் கசப்பு இன்றுவரை நம் நாவைவிட்டு அகலவில்லை. நமக்காவது கூலி என்னும் சாட்டை இருந்தது. இளைஞருக்கு அதுவும் இல்லை. ஆயினும் இருவர் உள்ளத்திலும் ஓடிய எண்ணம் ஒன்றே: 'என் வேலை நிற்கக்கூடாது.'

இனி வினாவுக்கு வருவோம். முதற்கண், இத்தகைய ஓட்டமே பிழையோ என்று ஆராய்வோம். உடலை வீணே வருத்துதல் நம் நெறியன்று. சோணர் என்னும் துறவி காலில் குருதி கசியும்வரை நடந்து நடந்து தவமுயன்றார். அவர் முன்பு வீணை வாசித்தவர். பகவன் அவரை அணுகி, நரம்பை அளவுக்கு மிஞ்சி முறுக்கினும் தளர்த்தினும் இசை பிறவாமையை அவர் வாயாலேயே சொல்லச்செய்து, முயற்சிக்கும் அவ்வாறே ஓர் அளவுண்டு என்று உணர்த்தினார். இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனில், பகவன் சோணரை முயலவேண்டாம் என்று கூறவில்லை. சுருதி கூட்டவே கற்பித்தார். ஆகவே, பயின்று, அளவறிந்து, தன்னை ஆளக் கற்கும்பொருட்டு ஒருவன் ஓடுவானாயின், அதனைக் குற்றமென்னோம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் ஏவலுக்கே ஓடிய கால்கள், ஒருநாள் தம் விருப்பத்துக்கு ஓடுதல் நன்றேயாம்.

அடுத்து, ஓட்டத்தின் நடுவே நிற்றல் அவர் கடமையா? "ஓட்டத்தை நடத்துவோர் மருத்துவரை நியமித்துள்ளனர்; ஓடுபவன் கடமை ஓடுதலே; விழுந்தவருக்காக எல்லோரும் நின்றால் பந்தயம் எவ்வாறு நடைபெறும்?" என்று சிலர் கூறுவர். இவ்வாதத்தில் உண்மை ஒரு பங்கு உண்டு. மருத்துவம் அறியாதவன் அங்கு நின்று பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆயினும், 'என்ன ஆயிற்று?' என்று கேட்கப் பத்து மூச்சு நேரம் போதும். தண்ணீர்ப் பந்தலில் இருந்தவரிடம் 'அங்கே ஒருவர் அமர்ந்திருக்கின்றார்' என்று கூற அந்நேரமும் வேண்டா, ஓடிக்கொண்டேகூடச் சொல்லலாம்.

1956-ஆம் ஆண்டு மார்ச்சில், மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலிய நாட்டின் ஒரு மைல் ஓட்டப் போட்டி நடந்தது. ஜான் லாண்டி என்பார் அந்நாளில் உலகப்புகழ் பெற்ற ஓட்டவீரர். அவருக்கு முன்னே ஓடிய ரான் கிளார்க் என்னும் இளைஞர் இடறி வீழ்ந்தார். லாண்டி அவரைத் தாண்டிக் குதித்தபோது காலணியின் ஆணி கிளார்க்கின் கையில் பட்டது. உடனே லாண்டி ஓட்டத்தை விட்டுத் திரும்பி வந்து, வீழ்ந்தவரின் நிலையை வினவினார். அவர் எழுந்து 'ஓடு' என்றபின்னரே மீண்டும் ஓடினார். மற்றவர் நெடுந்தொலைவு முன்னேறிவிட்டனர். ஆயினும் அவர்களை எட்டிப் பிடித்து வென்றார். வென்றமையால் அல்ல அவர் நினைக்கப்படுவது; அவர் தோற்றிருப்பினும் அச்செயல் அதே செயலேயாம்.

இங்கே அங்குலிமாலன் வரலாறு நமக்கு வழிகாட்டுகின்றது. கொலைஞனாகிய அவன், அமைதியாக நடந்துசெல்லும் பகவனைப் பிடிக்க முழு வலிமையோடு ஓடினான், எட்ட முடியவில்லை. களைத்து நின்று, நில் என்று கூவினான். பகவனோ, தாம் என்றோ நின்றுவிட்டதாகவும், நில்லாதவன் அவனே என்றும் மறுமொழி பகர்ந்தார். எவ்வுயிர்க்கும் தீங்கிழைத்தலை விட்டவர் நடப்பினும் நின்றவர். விடாதவன் நிற்பினும் ஓடுபவன். நிற்றல் என்பது காலைப் பற்றியதன்று என்பதே இதன் கருத்து.

இவ்வளவையும் எண்ணியபின் நாம் கண்ட முடிவு இது. இளைஞரின் கால் நில்லாமை அவர் பிழையன்று. கண் திரும்பியதே பிழை. உதவ இயலாமை குற்றமாகாது. காணாததுபோல் இருத்தல் குற்றமாகும். ஏன் திரும்பிற்று அக்கண்? தீய ஆசையால் அன்று, உயர்ந்த நோக்கத்தால்! இதுவே நாம் மிகவும் அஞ்சவேண்டிய இடம். இழிந்த நோக்கமுடையவன் பிறரைக் கடந்து செல்லும்போது அவன் நெஞ்சே அவனைச் சுடும். உயர்ந்த நோக்கமுடையவனுக்கோ நெஞ்சை ஆற்ற நல்ல சொற்கள் கைவசம் உள்ளன. 'என் ஒருவனுக்காகவா ஓடுகிறேன்?' என்று அவன் கேட்டுக்கொள்ளலாம். அன்று நம் முன்னோர் இடுப்பில் விளக்குமாற்றைக் கட்டியவர்களும் தூய்மை என்னும் உயர்ந்த சொல்லையே கூறினர். அச்சொல்லின் பெயரால் எதிரே நடந்துவந்த மனிதனைக் காணாதிருந்தனர். காணாமையே சாதியின் வேர். அதனை ஒழிக்க ஓடும் நாமும், ஓட்டத்தின் வேகத்தில் அதே காணாமையைக் கற்றுவிடலாகாது.

அவரிடம் நாம் கூறியது: "தம்பி, பதக்கத்தை எறியாதே. நீ 42 கிலோமீட்டர் ஓடியது பொய்யன்று. அதை மறைத்தால் உன் முயற்சியை மறைத்தவனாவாய். பெருமைக்காகவும் மாட்டாதே, நினைவுக்காக மாட்டு. செய்ததை எண்ணி எண்ணி நொந்துகொண்டிருத்தலும் உள்ளத்தை மூடும் தடைகளில் ஒன்று என்பது தம்மம். நோவை உறுதியாக மாற்றிக்கொள். அடுத்த டிசம்பரிலும் ஓடு. எவரேனும் கையுயர்த்தினால் நின்று கேள். ஐந்து மணி ஆறாகட்டும்; சாலை எங்கும் போய்விடாது. குவளையை மட்டும் தொட்டியில் போடு."

இறுதியாகக் கூறிய சொல்லைக் கேட்டு அவர் முதன்முறையாகச் சிரித்தார். ஆயினும், "அந்த அம்மாவுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டபோது நாம் வாயடைத்தோம். அன்று நமக்கு விடை தோன்றவில்லை. இன்று தோன்றுவதை இங்குக் கூறுகின்றோம். அவ்விடை இளைஞருக்கு மட்டுமன்று, நம் எல்லோருக்கும் உரியது.

நாமும் ஓடிக்கொண்டிருக்கின்றோம் அன்றோ? சேரியிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து அலுவலகத்துக்கும், குடிசையிலிருந்து மாடிவீட்டுக்கும் ஓடுகின்றோம். இவ்வோட்டம் நியாயமானது, எவரும் இதனைப் பழிக்க உரிமையற்றவர். ஆயின், 35-ஆவது கிலோமீட்டரில் அமர்ந்துவிட்ட நம்மவர் எத்துணைப் பேர்! கடனில் அமர்ந்தவர், நோயில் அமர்ந்தவர், நாம் குடித்தெறிந்த குவளைகளைப் பெருக்குபவர்! லாண்டி திரும்பி ஓடிய அதே 1956 மார்ச்சில்தான், 18-ஆம் நாள் ஆக்ராவில், படித்து உயர்ந்தவர்கள் தம் மக்களை மறந்தமை குறித்துப் பாபாசாகேப் மனம் வருந்திப் பேசினார். அவ்வாண்டு அக்டோபரில் நமக்குத் தம்மத்தை அளித்து, டிசம்பரில் மறைந்தார். அவர் வருத்தத்துக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை.

அந்த அம்மையாரிடம் சொல்லவேண்டிய சொல் ஒன்றுமில்லை. செய்யவேண்டியது உண்டு. அவர் பெயரைக் கேட்டறிதல். அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கின்றது என வினவுதல். அவர் கையில் விளக்குமாறு மட்டுமே இருக்கவேண்டும் என்னும் விதி எங்குள்ளது என்று அவருடன் சேர்ந்து கேட்டல். நம்முள் ஒவ்வொருவரும் இவ்வாரத்தில் தாம் கடந்துவந்த ஒருவரையேனும் எண்ணி, திரும்பிச் சென்று, 'என்ன ஆயிற்று?' என்று வினவுவோமாக. பின்னர் ஓடுவோமாக. எல்லை அங்கேயே இருக்கும்.